நாலு பேர் ஒன்பது பேரானபோது

அந்த மே மாதம் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கொடைக்கானல் ஏரியை இரண்டு சுற்று நடந்தாலும் மனம் அடங்காது. நாயுடுபுரத்தில் ஒரு சின்ன லாட்ஜுக்கு அறைப் பதிவு செய்ய ஜாவாவில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். என் முதல் வேலை. சீசன் தொடங்கியதும் அது தினமும் நாலைந்து முறை பிழை வரிகளைக் கக்கிவிட்டுச் சேமிக்க மறுத்தது.

என் கம்ப்யூட்டரில் நூறு முறை ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை. "ரிசப்ஷன் பொண்ணு தட்டுறதுலதாங்க ஏதோ தப்பு" என்று லாட்ஜ் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அந்தப் பெண் பக்கத்துப் பேத்துப்பாறை கிராமத்துக்காரி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம். அந்த வீட்டில் கூலி வேலைக்குப் போகாத முதல் ஆள் அவள். "ஞாயித்துக்கெழம வரைக்கும் பாப்பேன். சரிப்படலைன்னா வேற ஆளுதான்" என்றார் முதலாளி, அவள் காதுபடவே.

சனிக்கிழமை காலையிலேயே போய் அவள் பின்னால் நின்றேன். "ஒக்காருங்கண்ணே" என்றாள். உட்கார முடியவில்லை. ஒரு ஜீப் வந்து நின்றது. போனில் நாலு பேர் என்றவர்கள் ஒன்பது பேராக இறங்கினார்கள். கொடைக்கானல் சீசனில் இது வழக்கம்தான். கூடுதல் மெத்தை போட வேண்டுமே என்று, அவள் திரையில் இருந்த பட்டியலின் கட்டத்தில் 4ஐ அழித்து 9 என்று தட்டிச் சேமிக்கப் போனாள். பிழை.

எனக்குச் சுரீரென்றது. போட்ட எண்ணை நான் ஒருநாளும் மாற்றிப் பார்த்ததில்லை. புரோகிராம் வைத்த 4 எண்ணாக இருந்தது. கையால் மாற்றிய 9ஐ அந்தக் கட்டம் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது. என் வரியோ அதையும் எண் என்றே நம்பிப் பிடிவாதம் பிடித்தது. அவளை டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். எது வந்தாலும் எழுத்தாக வாங்கி, பிறகு எண்ணாக மாற்றும்படி அந்த ஒரே வரியைத் திருத்தினேன். பத்து நிமிட வேலை.

மாலைவரை ஒரு தடங்கலும் இல்லை. முதலாளி வந்து பார்த்தார். "என்னம்மா, ஒருவழியா கத்துக்கிட்டியா?"

"அண்ணன் பக்கத்துலயே நின்னு பாத்தாங்க" என்றவள், என்னிடம் திரும்பினாள். "இப்ப சரியாத் தட்டுறேன்லண்ணே?"

உண்மை வாய்வரை வந்தது. அடுத்த லாட்ஜில் எனக்கு வேலை பேசித் தருவதாகச் சொல்லியிருந்த முதலாளி, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியாத்தான் தட்டுற" என்றேன்.

அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.