எலிகளுக்கு முறை பார்த்த சொக்கலிங்கம்

செஞ்சிக் கடைத்தெருவில் எலி மருந்து விற்றவரும் சொக்கலிங்கம்தான், எலி வளர்த்தவரும் சொக்கலிங்கம்தான். மளிகைக் கடையின் முன்பக்கம் எலிப் பாஷாணம். பின்கட்டில் எலிப் பிரசவம். கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில், அது திருட்டு எலி, இது வீட்டு எலி என்பது. அரிசி மூட்டையை ஓட்டை போடுகிறவனையும் பெற்ற பிள்ளையையும் ஒரே தராசில் வைப்பீர்களா என்று எதிர்க்கேள்வி வேறு.

1961இல் புதுச்சேரியில் ஏதோ ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குத் தீனி போடும் வேலையில் இருந்த நண்பர் கன்னியப்பன், இரண்டு ஜோடி வெள்ளை எலிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். தேயிலைப் பெட்டிகளுக்குக் கம்பிவலை அடித்து அவற்றைக் குடிவைத்தார் சொக்கலிங்கம். வெள்ளை எலி வளர்ப்பதில் கஷ்டமே இல்லை, நிறுத்துவதில்தான் கஷ்டம். ஆணையும் பெண்ணையும் ஒரே பெட்டியில் மறந்துவிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்தால், திரும்பும்போது நமக்கு உட்கார இடம் இருக்காது. அதனால் குட்டிகளை ஐந்தாம் வாரமே ஆண் பெண் பிரித்துவிடுவார். ஒரு பிரசவம் ஆன பெண் எலிக்கு மூன்று மாதம் ஓய்வு. பருப்பு வாங்க வரும் பெண்கள் இதைக் கேள்விப்பட்டு, இந்த ஆள் வீட்டில் எலியாகப் பிறந்திருக்கலாம் என்று சொல்லிச் சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் இடுப்பில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக இருந்தவர்கள்.

கேட்டவர்களுக்கெல்லாம் எலி கொடுத்துவிடவும் மாட்டார். வீட்டில் பூனை உண்டா, தினமும் தண்ணீர் மாற்றுவது யார், ஊருக்குப் போனால் யாரிடம் விட்டுப் போவீர்கள் என்று விசாரணை நடக்கும். மேல்மலையனூர் அமாவாசைக்குப் போகிற வழியில் ஒரு பாம்பாட்டி நான்கு எலி கேட்டான். எதற்கென்று புரிந்ததும், பொட்டுக்கடலை வேண்டுமானால் வாங்கிக்கொண்டு போகச் சொன்னார்.

இத்தனை பொறுப்புக்கும் மகுடம், முறை பார்ப்பது. எந்த எலி எந்த எலிக்குப் பிறந்தது என்று பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். அண்ணன் தங்கையைச் சேர்க்க மாட்டார், அது பாவம். தாயையும் மகனையும் சேர்ப்பதைப் பற்றி நினைக்கவே மாட்டார். மாமனுக்கு அக்காள் மகளைக் கொடுப்பார். அதுதான் உரிமையான இடம். அவருடைய வீட்டில் அப்படித்தான் வழக்கம். எலிகளுக்கு மட்டும் தனி வழக்கமா வைக்க முடியும்?

அவர் மனைவி ஞானம்பாள், அவருடைய அக்காள் செல்லம்மாளின் மகள். அக்காளே மாமியார். அடுத்தடுத்த தெருவிலேயே புகுந்த வீடும் பிறந்த வீடும். ஞானம்பாள் ஐந்து பெற்றாள். முதல் குழந்தை எட்டாம் நாள் போயிற்று. இரண்டாவது மூன்று மாதம் இருந்தது. மூன்றாவது அழவே இல்லை. நான்காவது ஆண் குழந்தை. இரண்டு வயது வரை இருந்தான், ஒருநாளும் கழுத்து நிற்கவில்லை. ஊர் அதற்கெல்லாம் காரணம் வைத்திருந்தது: கண்ணேறு, நட்சத்திரம், நேர்ந்துகொண்டு மறந்த பொங்கல். எல்லாவற்றுக்கும் பரிகாரமும் செய்தாயிற்று. கடைசியில் தங்கியவள் வசந்தா. அவள் தொட்டிலில் கிடந்தபோதே ஞானம்பாளின் தம்பி கனகராஜுக்கு என்று பேச்சாகிவிட்டது.

1965இல் எலிகள் குறைய ஆரம்பித்தன. பத்து போட்ட வம்சம் நான்கு போட்டது. நான்கில் இரண்டு ஒரு வாரம் தாங்கவில்லை. ஒன்றுக்குப் பின்னங்கால் இழுத்தது. தீனியை மாற்றினார், பெட்டியை மாற்றினார், திசையை மாற்றினார். ஒன்றும் ஆகவில்லை. புதுச்சேரியிலிருந்து கன்னியப்பன் வந்து, காலண்டர் தாள்களைத் தரையில் பரப்பி வெகுநேரம் பார்த்தார்.

"இன்னா அண்ணே, எல்லாம் ஒரே வூட்டுக்குள்ளயே சுத்துது?"

"முறையாத்தான் குடுத்திருக்கேன். மாமனுக்கு அக்கா மவ."

"முறை நமக்கு. ரத்தத்துக்கு அது தெரியாது. உள்ளேயே குடுத்துக் குடுத்து எடுத்தா, கொறை எல்லாம் ஒண்ணாச் சேர்ந்து குட்டி மேல வந்து வுழும். எங்க டாக்டருங்க அப்டித்தான் சொல்றாங்க. வெளியில இருந்து ஒரு ஆண் கொண்டாங்க."

மறுநாளே பஸ் ஏறிப்போய், சம்பந்தமில்லாத ஓர் ஆண் எலியைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்தார் சொக்கலிங்கம். கொஞ்ச நாளில் ஒரு பெண் எலி ஒன்பது போட்டது. ஒன்பதும் கண் திறந்தன. ஒன்பதும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு பாலுக்கு முட்டின. அவர் பெட்டி முன்னால் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார். எண்ணியது எலிகளை அல்ல. நான்கோடு நிறுத்திக்கொண்டு, விரல்களை மடக்கியபடியே எழுந்து கடைக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஆறு மாதம் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வசந்தாவின் கல்யாணம் நிற்கும். ஆனால் ஏன் நிற்க வேண்டும் என்பதை ஞானம்பாள் காதில் விழாமல் எப்படிச் சொல்வது?

செல்லம்மாள் தை மாதத்தில் நாள் குறித்துக்கொண்டு வந்தாள். பெண்ணுக்கு வயது போதாது என்றார் சொக்கலிங்கம். உன் பெண்டாட்டிக்குக் கட்டும்போது இதைவிடக் குறைச்சல் என்றாள் அக்காள். ஜாதகம் இன்னொருமுறை பார்க்கலாம் என்றார். தொட்டிலில் பார்த்த ஜாதகம் இப்போது மாறிவிட்டதா என்றாள். பிறகு அவள் குரல் இறங்கிற்று.

"என் மவனுக்கு இன்னா கொறை, அத்தச் சொல்லு."

"கனகராஜுக்கு ஒரு கொறையும் இல்லக்கா. சொந்தத்துல குடுத்தது போதும். நமக்குத் தங்கல. எலிக்கே தங்கல."

சொன்ன பிறகுதான் அடுக்களை வாசலில் ஞானம்பாள் நிற்பதைப் பார்த்தார். கையில் முறம் இருந்தது. அதைக் கீழே வைத்தாள்.

"எப்போ தெரிஞ்சிது மாமா?"

"ஆறு மாசம் ஆவுது."

"எலிக்கு மறுநாளே பஸ்ஸு ஏறிப் போனீங்க."

ஞானம்பாள் தாயின் பக்கம் திரும்பி, தம்பிக்கு வேறு இடம் பார்க்கச் சொன்னாள். செல்லம்மாள் எழுந்தாள்.

"எலியப் பாத்து என் வம்சத்த எடை போட்றீங்க. இருங்க, நல்லா இருங்க."

அந்தப் படியை அவள் மறுபடி மிதிக்கவில்லை. வசந்தாவிடம் யாரும் கேட்கவில்லை. கனகராஜ் மாமாவுக்குப் பிடிக்கும் என்று மாம்பழ நிறத்தில் ஒரு புடவையைத் தனியே எடுத்து வைத்திருந்தவள், அப்பா வந்து சொன்னபோது "சரி நைனா" என்றாள். அவ்வளவுதான்.

எலிகளையும் அவர் நிறுத்திவிட்டார். விற்கவில்லை, திறந்தும் விடவில்லை. ஆண்களை ஒரு பக்கமும் பெண்களை ஒரு பக்கமும் பிரித்து, இருக்கிறவரை கம்பும் தண்ணீரும் வைத்தார். ஒவ்வொன்றாகக் கிழடாகிப் போயின.

வசந்தாவை அனந்தபுரத்தில், சொந்தமே இல்லாத ஒரு வீட்டில் கொடுத்தார்கள். 1967இல் தாய்வீட்டுக்கு வந்து ஆண் குழந்தை பெற்றாள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. ஞானம்பாள் காலை நீட்டி உட்கார்ந்து எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள், கொஞ்ச மட்டும் இல்லை. எட்டு நாள் தாண்டிற்று. பார்க்க வந்தவர்கள், பேரனைக் கொண்டாடக்கூடத் தெரியாத பாட்டி என்று கிசுகிசுத்தார்கள். தினமும் அந்தக் குழந்தை நன்றாக இருந்தது. ஒவ்வொரு நாளும் அது நன்றாக இருந்ததே, தன்னுடைய நான்கும் ஏன் தங்கவில்லை என்பதற்கு அவளுக்கு ஒரு பதிலாக இருந்தது.

மூன்றாம் மாதம், பாயில் குப்புறக் கிடந்த குழந்தை, கழுத்து நின்று, தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தது. வசந்தா ஓடிவந்து தாயைக் கூப்பிட்டாள். ஞானம்பாள் வந்து நின்று பார்த்தாள். பிறகு கொல்லைக்குப் போய், அண்டா நிறைந்திருக்கும்போதே கிணற்றில் தண்ணீர் சேந்த ஆரம்பித்தாள். சேந்தி, துவைக்கிற கல்லின் மேல் ஊற்றினாள். மறுபடி சேந்தினாள்.

சொக்கலிங்கம் பின்னாலேயே வந்தார்.

"ஒண்ணும் சொல்லாதீங்க மாமா" என்றாள், திரும்பாமல்.

உள்ளே குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.