நிலாப்பிள்ளை மருமகனும் வெயில் பூச்சும்

எங்கள் வீட்டு மருமகன் எலாதியோவைத் தீவில் எல்லாரும் நிலாப்பிள்ளை என்றுதான் சொல்வார்கள். பிறக்கும்போதே வெள்ளை. தலைமுடியும் இமைமுடியும் காய்ந்த வாழைநார் நிறம். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் எதையும் பார்ப்பான். இந்தத் தீவுகளில் வாழும் எங்கள் குணா ஜனங்களில் அப்படிப் பிறக்கிறவர்கள் எப்போதும் உண்டு. அதனால் யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. கிரகணத்தன்று நிலவைக் கடிக்க வரும் பூதத்தை விரட்ட அவர்களைத்தான் வெளியே அனுப்புவோம். சின்ன வில்லும் அம்பும் எடுத்துக்கொண்டு அவர்கள் போவார்கள், மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொள்வோம். ராத்திரிக்கு அவ்வளவு பெரிய ஆட்கள். பகலில் அவர்களை என்ன செய்வது என்றுதான் யாருக்கும் தெரியவில்லை.

என் மகள் நிக்சியா அவனைத்தான் கட்டுவேன் என்று நின்றாள். எங்களில் பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வருவான். அவன் கூட்டாளிகள் அவனைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு வந்து பெண்ணிருக்கும் தொட்டிலில் போட்டால் கல்யாணம். எங்களில் பெரியவர்களும் படுத்துத் தூங்குவது தொங்கு தொட்டிலில்தான். அப்புறம் அவன் தோணி எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய், காட்டில் விறகு வெட்டி, மாமனார் வீட்டு அடுப்பில் கொண்டுவந்து போடவேண்டும். வாழைத் தோட்டத்தைப் பார்க்கவேண்டும். இதையெல்லாம் செய்கிறவன்தான் மருமகன். செய்யாதவன் சாப்பிட வந்த விருந்தாளி.

என் புருஷன் ருஃபினோ முதல் நாளே ஆரம்பித்தார்.

"வெயிலுக்கு ஆகாத மாப்ள வெறகுக்கு ஆவானா?"

"ஒங்களுக்கு வெயில் ஆகும். நீங்க வந்த புதுசுல எங்கப்பாவுக்கு என்னத்தக் கொண்டாந்து கிழிச்சீங்க?" என்றேன்.

ஆனால் அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. எலாதியோவின் தாய்மாமன் அதே நிறம். கன்னத்தில் ஆறாத புண் வந்து, அது கண்வரைக்கும் தின்று, வாலிபத்திலேயே போய்ச்சேர்ந்தார். எலாதியோ துடுப்புப் போட்டால் முகம் போகும். போடாவிட்டால் எங்கள் வீட்டில் அவனுக்கு இடமில்லை. இரண்டுக்கும் நடுவில் அவன் எப்படி வாழ்ந்தான் என்பதைத்தான் சொல்கிறேன்.

முதலில் ஒரு பெரிய ஓலைத் தொப்பி போட்டுக்கொண்டு போனான். அதற்குக் கீழே ஒரு குடும்பமே ஒதுங்கலாம். ஆனாலும் தாடைக்கு அடியிலும், மூக்குக்குக் கீழும், கண்ணுக்குக் கீழும் வெந்து வந்து நின்றான்.

"மல்லாந்து படுத்துத் தூங்குனியாடா?" என்று ருஃபினோ கேட்டார்.

"இல்ல மாமா, தொப்பியக் கழட்டவே இல்ல."

உச்சி வேளையில் தோணியில் உட்கார்ந்து குனிந்து பாருங்கள், தெரியும். தண்ணீரிலிருந்து வெளிச்சம் எழும்பி நேராகத் தாடையில் அடிக்கும். மேலே இருக்கிற வெயிலுக்குத்தான் தொப்பி. கீழேயிருந்து வருவதற்கு என்ன செய்வது?

நகரத்தில் இருந்த என் அக்காள் மகளிடம் சொல்லி நிக்சியா வெயிலுக்குப் பூசுகிற ஒரு பூச்சு வரவழைத்தாள். பூ வாசனை தூக்கியது. தண்ணீராய் இருந்தது. பூசிக்கொண்டு போனவன் வியர்த்ததும் அது வழிந்து கண்ணில் இறங்கிவிட்டது. கண் எரிச்சலில் எதிரே பவளப்பாறை இருப்பதே தெரியாமல் தோணியின் அடியை அதில் தேய்த்துக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்து கண்ணைத் திறக்காமலே, "வாசமா இருந்துச்சு அத்தை," என்றான். இப்படியும் ஒரு பிள்ளை.

அதற்கப்புறம் எங்கள் தீவு மருந்தகத்துச் செவிலி இதால்மா ஒரு டப்பா கொடுத்தாள். வாசனை கிடையாது. சுண்ணாம்பைக் குழைத்த மாதிரி கெட்டி. பூசினால் பூசின இடத்தில் நிற்கும், வழியாது. உதட்டுக்குத் தனியாக ஒரு மெழுகுக் குச்சி.

"காதை விட்டுடாத. காதுக்குப் பின்னாடி, பிடரி, மூக்கோரம் எல்லாம் பூசணும்," என்று அவன் முகத்திலேயே தடவிக் காட்டினாள். "வேர்வையத் தொடச்சா மறுபடி பூசணும். தோட்டத்துல சாப்பிடறப்ப ஒரு தடவை பூசிக்க. மேகமா இருந்தாலும் சரி, மழக்காலமானாலும் சரி, விடாத."

அவன் அதைப் பூசிக்கொண்டு வெளியே வந்ததும் தீவுப் பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

"வெள்ளைக்கு மேல வெள்ளை! மாமா, ஒங்க மூஞ்சி எங்க முடியுது, மாவு எங்க ஆரம்பிக்குது?"

அவனும் கூடச் சிரித்தான். ஆனால் தோணியில் ஏறி உட்கார்ந்தபின் சிரிப்பு இல்லை. நான் பார்த்தேன்.

காற்றடிக்கும் வெயில் மாதங்களில் ஒழுங்காகப் பூசினான். தோல் அதற்குக் கேட்டது. விறகும் வந்தது, வாழைத்தாரும் வந்தது. ருஃபினோவே வாயை மூடிக்கொண்டார். மழை தொடங்கியது. வானம் சட்டிக்கரி மாதிரி இருந்தது. இவன் டப்பாவை மூடிவைத்துவிட்டான்.

"மேகமா இருந்தாலும் பூசணும்னு இதால்மா சொன்னால்ல?" என்றேன்.

"சூரியனையே காணோம் அத்தை. யாருக்குப் பயந்து பூசறது?"

"தெரியறதுக்கு மட்டுந்தான் பயப்படுவியா?"

துடுப்பைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை பேத்தி வயதுக்கு வந்தாள். எங்களில் அப்போது காட்டுக்காயைப் பிழிந்து சப்தூர்ச் சாறு எடுத்துப் பெண்ணுக்கு உடம்பெல்லாம் பூசுவோம். பூசும்போது தண்ணீர் மாதிரி இருக்கும். விடிந்தால் கன்னங்கரேல் என்று ஏறியிருக்கும். எத்தனை தேய்த்தாலும் போகாது. நாளாக ஆகத் தானாக உதிரும். தீவில் கொள்ளைநோய் வந்தாலும் நாங்கள் அதைப் பூசிக்கொள்வது உண்டு. கறுத்த முகத்தை நோய்க்கு அடையாளம் தெரியாது.

சடங்கு முடிந்து எல்லாரும் கரும்புக் கள்ளில் மிதந்துகொண்டிருந்தார்கள். சுரைக்குடுக்கையில் கொஞ்சம் சாறு மிச்சம் இருந்தது. ருஃபினோ அதை எலாதியோ பக்கம் தள்ளினார்.

"இந்தா மாப்ள, பூசிக்க. நோய்க்கே அடையாளம் தெரியாதுங்கறாங்க, சூரியனுக்கு மட்டும் தெரிஞ்சுடுமா? நாங்க கறுப்பு, எங்களுக்கு ஏதாவது வேகுதா?"

அவர் விளையாட்டாகச் சொன்னார். இவன் குடுக்கையைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் முகம், காது, கழுத்து என்று ஓர் இடம் விடாமல் பூசிக்கொண்டான்.

மறுநாள் காலையில் அவன் முகத்தைப் பார்த்து நிக்சியா முதலில் பயந்தாள், அப்புறம் சிரித்தாள். அவன் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அன்றைக்குத் தோணித்துறையில் ஒருவன் அவனை வேறு யாரோ என்று நினைத்து, "அண்ணே, பெரிய தீவுக்கா போறீங்க?" என்று கேட்டானாம். அதை வந்து எங்களிடம் சொன்னபோது இவன் குரலில் இருந்த சந்தோஷம்! பிறந்ததிலிருந்து அவனை மற்றவர்களில் ஒருவனாக நினைத்து யாரும் கேட்காத கேள்வி அது.

அன்றோடு வெள்ளைப் பூச்சு போயிற்று. கறுப்பின் மேல் அதைத் தடவினால் அடுப்புச் சாம்பலில் விழுந்த பூனை மாதிரி இருக்கும் என்றான். கறுப்பு உதிர ஆரம்பித்தால் காட்டிலிருந்து காய் கொண்டுவந்து மறுபடி பூசுவான். மழைக்காலம் முழுக்க இப்படியே, நட்ட நடுப்பகலில், துடுப்புப் போட்டான்.

"டப்பாவ எடுய்யா" என்று நான் தினமும் சொன்னேன். அவன் தினமும் ஒரே பதில்தான் சொன்னான்.

"சூரியனே ஏமாந்துடுச்சு அத்தை. நீங்க ஏன் காட்டிக்குடுக்கறீங்க?"

சூரியன் ஏமாறவில்லை. நாங்கள்தான் ஏமாந்தோம். முன்பெல்லாம் வெந்தால் சிவக்கும், பார்க்கிறவர்களுக்குத் தெரியும். இப்போது கறுப்புக்கு அடியில் சிவந்தது யாருக்குத் தெரியும்? எரிந்ததைச் சாறு பிடிக்கிற எரிச்சல் என்று அவனே நினைத்துக்கொண்டான். இரவில் ஒரு பக்கக் காதை அழுத்திப் படுக்க முடியாமல் புரண்டதை நிக்சியா கவனித்து இதால்மாவிடம் கூட்டிப்போனாள்.

இதால்மா காதைத் தொட்டதும் முகத்தைச் சுளித்தான்.

"இந்தக் கறுப்பு உதிரட்டும். மறுபடி பூசாத. அடியில என்ன இருக்குன்னு நான் பாக்கணும்."

கறுப்பு திட்டுத்திட்டாக உதிர்ந்தது. காதின் மேல் விளிம்பில் ஒரு புண் தெரிந்தது. பொருக்குத் தட்டி, உரிந்து, மறுபடி பொருக்குத் தட்டி, ஆறாமலே கிடந்த புண். நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாள். அங்கே காதின் மேல்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டார்கள். இந்த முறை வேர் பிடிக்கவில்லை, அடுத்த முறை இப்படியே போகும் என்று சொல்ல முடியாது என்றார்களாம்.

திரும்பி வந்த மறுநாள் காலையில் தன் தொட்டிலை அவிழ்த்துச் சுருட்டினான். எங்களில் ஆண்பிள்ளை தொட்டிலைச் சுருட்டினால் அந்த வீட்டைவிட்டுப் போகிறான் என்று அர்த்தம். நிக்சியா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுருட்டி வைத்த தொட்டிலின் மேல் நான் போய் உட்கார்ந்தேன்.

"எந்திரிங்க அத்தை."

"மாட்டேன்."

"விறகு கொண்டாராதவன் இந்த வீட்டுல என்ன வேலைக்கு?"

"கொண்டாராதன்னு யார் சொன்னா? மூஞ்சிய மூடிக்கிட்டுக் கொண்டான்னுதான் சொல்றேன்."

"மாவு மூஞ்சின்னு புள்ளைங்க சிரிக்குது."

"சிரிக்கட்டும். ஒங்க மாமா நடக்கறதப் பாத்தும்தான் சிரிக்குதுங்க. அவரு நடக்கறத நிறுத்திட்டாரா?"

வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்த ருஃபினோ தொண்டையைச் செருமினார். தலையை நிமிர்த்தாமலே பேசினார்.

"நாளையிலேருந்து வெள்ளி மொளைக்கறப்ப கெளம்புவோம். நானும் வரேன். வெயில் ஏறறதுக்குள்ள காட்டுக்குள்ள போயிட்டா மர நெழலு. சாயங்காலம் வெயில் எறங்கினதும் திரும்பலாம். அந்தக் கெழவிய எந்திரிக்கச் சொல்லு, தொட்டில் நாசமாப் போயிடும்."

எலாதியோ டப்பாவை எடுத்துத் திறக்கிறவரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.

வெட்டின காதில் தொப்பி நிற்காமல் சரிந்தது. நிக்சியா தன் ரவிக்கைத் துணியில் மிஞ்சின சிவப்புத் துண்டைத் தொப்பிக்குப் பின்னால் வைத்துத் தைத்தாள். காதும் பிடரியும் அதற்குள் மறைந்தன. டப்பாவை அடுப்புக்கு எதிரே கூரைக் கம்பில் கட்டித் தொங்கவிட்டேன். விடியுமுன் அவன் புறப்படும்போது, சந்தையில் மீன் செவுளைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி, பூசியிருக்கிறானா என்று காதைப் புரட்டிப் பார்த்துத்தான் அனுப்புவேன். ஆட்டம் போடாமல் நிற்பான்.

நேற்று விடாத மழை. பகல் முழுக்க வெளிச்சமே இல்லை. சாயங்காலம் தலையோடு கால் நனைந்து வந்தான். தோளில் பெரிய கட்டை. முகத்தில் அந்த வெள்ளை அப்படியே அப்பியிருந்தது. ருஃபினோவின் மூக்கிலும் கொஞ்சம் இருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை.

கட்டையை அடுப்போரம் போட்டான். நான் ஒரு முனையை நெருப்புக்குள் தள்ளினேன். ஈரக் கட்டை, புகைதான் வந்தது. எல்லாரும் இருமினோம்.

"நாளைக்கும் மேகமாத்தான் இருக்கும் அத்தை," என்றான் கண்ணைக் கசக்கிக்கொண்டு.

"இருக்கட்டும். டப்பா அங்கதான் தொங்குது."