தோடம்பழத்தின் அடிப்பக்கம்

பின்னேரம் நாலு பத்துக்கு என் மகள் மதுராவின் கணக்கில் ஒரு பின்னம் மிஞ்சியது. கொழும்பு வெள்ளவத்தையில் விடுமுறைக்கு எடுத்த ஃபிளாட்டில், தலைக்கு மேலே மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. ஜெர்மனியில் எங்கள் வீட்டில் மின்விசிறி கிடையாது. அதன் சத்தத்தில் வளர்ந்த எனக்கே இப்போது அதன் கீழே நித்திரை வருவதில்லை.

கணிதத்தில் அவள் ஆய்வது ஈக்விவேரியன்ட் கோஹொமோலஜி. நான் எஞ்சினியர், இருந்தும் விளங்காது. முதல்நாள் மேசையில் செம்மஞ்சளாய் உருண்ட ஒரு தோடம்பழத்தைச் சுழற்றிக் காட்டினாள். சமன்பாடுகளால் அமைந்த வெளியொன்றை இப்படிச் சுழற்றும்போது சில புள்ளிகள் மட்டும் அசையாமல் நிற்குமாம். ஒவ்வொன்றும் ஒரு பின்னத்தைத் தரும். தனித்தனியே அவை ஒன்றும் சொல்லாது. எல்லாவற்றையும் கூட்டினால் கீழெண்கள் கரைந்து, முழு எண் வந்து நிற்கும். ஒருபோதும் தவறாதாம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. யார் இப்படி ஒழுங்குபண்ணி வைத்தது?

அன்று முழு எண் வரவில்லை. ஆய்வேட்டை அடுத்த கிழமை ஒப்படைக்க வேண்டும். "நாலு வருசமும் பிழை, அப்பா" என்றாள், திரும்பிப் பாராமல். நான் தேநீரோடு வந்தபோது கதவு திறந்திருந்தது; அவளைக் காணவில்லை. போன் மேசையில் கிடந்தது.

கீழே காவலுக்கு நின்றவர் மலையகத்தில் ஹட்டன் பக்கத்துக்காரர். சண்டையா, காதலா என்று விசாரித்தார். கணக்குப் பிழைத்துவிட்டது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கும் ஓ லெவல்ல கணக்கு பெயில்தான் சேர். நான் எங்கயும் ஓடிப் போகலையே."

என்னால் சிரிக்க முடியவில்லை. ரயில் பாதையைக் கடந்து கடற்கரை முழுதும் தேடினேன். ஒவ்வொரு ரயில் சத்தத்துக்கும் தண்டவாளத்தைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு என் கால்கள் தாமாகவே பொலிஸ் நிலையத்தை நோக்கித் திரும்பின. போர்க் காலத்தில், கொழும்பின் மறுபக்கம் கொட்டாஞ்சேனையில் நாங்கள் இருந்தபோது, பிள்ளை பிந்தினால் பெற்றோர் முதலில் போகும் இடம் அதுதான். எங்கள் வீடிருந்த குறுகிய ஒழுங்கையில் வைத்து என்னைப் பொலிஸ் பிடித்துப்போனபோது என் அப்பாவும் அப்படியொரு வாசலில்தான் விடியும்வரை நின்றார். ஊரைவிட்டுப் போனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்தமுறை வந்து இறங்கிய நாளிலிருந்தே மதுரா அந்த ஒழுங்கையைக் காட்டச் சொல்லிக் கேட்டாள். வெயில், நெரிசல் என்று நான் தட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன்.

பொலிஸ் வாசல்வரை போய், உள்ளே போகத் துணிவில்லாமல் திரும்பி வந்தேன். விளக்கு வைக்கும் நேரம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மதுரா இறங்கினாள். முகமெல்லாம் தூசி, கண்ணில் ஒரு வெளிச்சம். ஏசுவதற்கு வாயெடுத்து, ஆட்டோக்காரருக்குக் காசைக் கொடுத்தேன்.

"வந்த பஸ்ஸில ஏறினனான். கொட்டாஞ்சேனையில கொண்டுபோய் விட்டிட்டான். உங்கட ஒழுங்கையைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடிச்சிட்டன். அங்க நிக்கேக்கதான் விளங்கினது."

மேலே வந்ததும் தோடம்பழத்தை எடுத்து, மேசையில் படிந்திருந்த அடிப்பக்கத்தை என் பக்கம் திருப்பினாள்.

"இதுவும் அசையாத புள்ளிதான். நான் நிண்ட இடத்திலயிருந்து பாத்தா இது முடிவிலியில கிடக்கு. தூரமெண்டு கணக்கில சேர்க்காமல் விட்டிட்டன், அப்பா. இப்ப முழுசா வருது."