அடுத்த குளிருக்கான தொப்பி

என் ஆறு வயது மகளின் சளியை, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் கருவியில் வைத்துவிட்டு வெளியே வந்தார் ஆய்வக அக்கா. மூக்கில் முகக்கவசத் தழும்பு. கைகழுவி, என் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளித் தொப்பி பின்னத் தொடங்கினார். கருவிக்கு இரண்டு மணி நேரம், தொப்பிக்கும் அவ்வளவுதானாம்.

"முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கணுங்களா?" என்று மூன்றாவது முறையாகக் கேட்டேன்.

"இப்ப வந்துட்டீங்கல்ல. இந்த நூல்கண்டப் புடிங்க."

முடிவு வந்தது. "கிருமி இருக்குதுங்க. ஆனா வழக்கமான மருந்துக்கே அடங்குற ரகம். மெஷினே சொல்லிருச்சு."

தொப்பியை மகளுக்குப் போட்டார். அது கண்வரை இறங்கியது.

"பெருசா இருக்குதுங்களே?"

"அடுத்த குளிருக்குப் பின்னுனதுங்க."

மருந்து முடிந்து, இந்தக் குளிரில் தொப்பி சரியாக இருக்கிறது. முடிவு தெரியுமுன்பே எந்தத் தைரியத்தில் அளவைக் கூட்டினார் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.