தண்ணீருக்கு இன்னொரு பெட்டி

பீங்கான் ஆலையின் பேக்கிங் பிரிவில் கெட்டில் அக்காவைத் தெரியாதவர் கிடையாது. ஒரு கெட்டில், ஆறு கோப்பை என்று பெட்டி பெட்டியாக அடுக்கியே இடுப்பைத் தேய்த்துக்கொண்டவர். இனி பாரம் தூக்கினால் படுத்த படுக்கைதான் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பாரம் தூக்காத வேலை ஒன்றே ஒன்றுதான் காலியாக இருந்தது, பீங்கானுக்குப் பூசும் மெருகு கலக்கும் அறையில். அதற்கு வேதியியலில் ஒரு சின்னத் தேர்வு உண்டு.

முதல் தடவை மண்ணைக் கவ்வினார். ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராவதைச் சமன் செய்யச் சொன்னார்கள். H₂ + O₂ → H₂O. இடப்பக்கம் ஆக்சிஜன் இரண்டு, வலப்பக்கம் ஒன்று. கணக்கு உதைத்தால் அக்காவுக்குப் பொறுக்காது. வலப்பக்கத்து O-வின் காலடியிலும் ஒரு 2 போட்டு நேர் செய்துவிட்டார்.

“இது தண்ணி இல்லம்மா. புண்ணுல ஊத்தினா நுரைக்குமே, அந்த மருந்து,” என்றார் கலவை அறை மேலாளரம்மா. “அடுத்த மாசம் மறுபடி வாங்க.”

“இனிமே எனக்குக் குடிக்கத் தண்ணி நானே எடுத்துக்கிறேன்,” என்றார் வீட்டுக்காரர். அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை, ரோஷம்தான் வந்தது. காலி அட்டைகளில் எழுதி எழுதிப் பார்த்தார். சின்ன எண் அணுக்களின் எண்ணிக்கை என்று புரிந்தது. அதை ஏன் தொடக் கூடாது என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

ஒருநாள் ஒரு கடைக்காரர் இரண்டு கெட்டில் கேட்டிருந்தார். பக்கத்து மேசைக்காரி ஒரே பெட்டிக்குள் இரண்டாவது கெட்டிலைத் திணித்துக்கொண்டிருந்தாள்.

“அடியே, அப்புறம் அது நம்ம செட்டே இல்ல. பெட்டிக்குள்ள கை வைக்காதே. இன்னொரு பெட்டி வை.”

“அப்போ கோப்பையும் ஆறு கூட வேணுமேக்கா?”

“வேணும்தான். போய் எடுத்துட்டு வா.”

பெட்டிக்குச் சொன்னது தண்ணீருக்கும் பொருந்தியது. அக்கா அங்கேயே ஒரு அட்டையை இழுத்து, H₂O-வுக்கு முன்னால் பெரிய 2 போட்டார். ஹைட்ரஜன் இடித்தது. இடப்பக்கம் H₂-வுக்கு முன்னாலும் ஒரு 2 போட்டார். எல்லாம் சரியாக வந்தது.

மறு தேர்வில் மேலாளரம்மா விடவில்லை. “கீழே போட்டாலும் கணக்கு வருமேம்மா?”

“கணக்கு வரும் மேடம். தண்ணி வராது.”

மறுநாள் காலை கெட்டில் அக்கா கலவை அறையில் நிமிர்ந்து நின்று வேலை பார்த்தார்.