தண்ணியைக் கண்டு கத்திய கமலக்கண்ணன்

கமலக்கண்ணன் அண்ணனுக்குக் குளிப்பதென்றால் ஆகாது. நாய் கடிப்பதற்கு இருபது வருஷம் முன்பிருந்தே தண்ணீரைக் கண்டால் தெருக்கோடிக்கு ஓடுவார். ஆரணியில் அவர் போலப் பட்டு நெய்யவும் ஆளில்லை, அவர் போல நாறவும் ஆளில்லை. பக்கத்துத் தறி என்னுடையது, எனக்குத் தெரியாதா?

தொண்ணூற்றாறில், சேத்துப்பட்டு பஸ்ஸுக்கு நின்றவரின் கெண்டைக்காலை ஒரு நாய் கவ்வியது. மறுநாளே நாய் செத்தது. நாற்றம் தாங்காமல் செத்தது என்று ஊரெல்லாம் சொன்னவன் நான்தான். ஆஸ்பத்திரி டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"பதினாலு நாளு, பதினாலு ஊசி. தொப்புளச் சுத்தி. நடுவுல வுட்டா உசுரு போய்டும். தண்ணியக் கண்டு பயம் வந்துட்ச்சுன்னா அப்புறம் யாராலயும் காப்பாத்த முடியாது."

"கண்ணுக்கே தெரியாத கிருமிக்கு இவ்ளோ ஊசியா சார்?"

"அது தனி ஆளு இல்லய்யா, பெரிய குடும்பம். மாட்டுக்கு வர்ற மூணு நாள் காய்ச்சலு, நெல்லுப் பயிர மஞ்சளாக்கற ஒரு கிருமி, எல்லாம் அதுக்குப் பங்காளி."

"எங்க மாமனார் வூடு மாதிரியே கீதே!"

சுபலட்சுமி அண்ணி கிள்ளிய கிள்ளுதான் முதல் ஊசி.

வயிறு பூசணிக்காயாக வீங்கியது. தறிக்குழியில் உட்கார்ந்தால், நெய்த புடவையைச் சுற்றும் மரம் சரியாக அங்கேதான் இடிக்கும். தலையணையை வயிற்றில் கட்டிக்கொண்டு நெய்தார். ஏழு ஊசியோடு நிறுத்திவிட்டு, அண்ணியிடம் ஆஸ்பத்திரி என்று சொல்லி டீக்கடையில் உட்கார்ந்தார். எனக்கும் டீ வாங்கிக் கொடுத்து வாயை அடைத்தார்.

பத்தாம் நாள், தறியில் அரக்கு நிறக் கல்யாணப் புடவை. குடிக்கட்டும் என்று அண்ணி சொம்புத் தண்ணீரைப் புடவைக்கு மேலாக நீட்டினாள்.

"ஐயோ, தண்ணி வாணாம்! தண்ணிய எடுத்துகினு போ!"

கத்தல் தேவிகாபுரம் வரை கேட்டிருக்கும். ஒரு சொட்டு விழுந்தாலும் பட்டில் கறை நிற்கும் என்பது அவர் பயம். நெய்கிறவன் எனக்கே அது தோன்றவில்லை. ஊசியை விட்டது தெரிந்தவன் ஆயிற்றே!

"அண்ணி, மூணு நாளா இவரு ஊசியே போடல!" என்று அலறிவிட்டேன்.

தலையணையோடு அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டோம்.

"டேய், புடவைக்காகக் கத்தினேன்டா!"

யார் கேட்டது? ஆஸ்பத்திரியில் டாக்டர் நீட்டிய தண்ணீரை ஒரே மடக்கில் குடித்து, இன்னொரு டம்ளர் கேட்டார். டாக்டர் சிரித்தார். ஊசி விட்டதைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"மறுபடியும் மொதல்லேர்ந்து."

பதினாலு நாளும் அண்ணி அவர் கையை விடவே இல்லை.

இரண்டாயிரத்தேழில் என்னை நாய் கடித்தபோது கையில் ஐந்தே ஊசி. அந்தப் பழைய தலையணையோடு வந்து நின்றார் அண்ணன்.

"வயித்துல இல்லியா? இன்னாடா, ஒரு சொகமும் அனுபவிக்காத பேஜார் புடிச்ச பையன்!"

ஐந்து தடவையும் அவரே சைக்கிளில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போனார். முதுகில் அதே நாற்றம். டீக்கடையைப் பார்த்துத் திரும்பினால் அதட்டல்.

"அஞ்சும் முடியற வரைக்கும் உனக்கு டீ கெடையாது."