ஐந்தருவிப் படத்துக்காக நிறுத்திய மாத்திரை

மூத்த பேரன் சவூதியில் இன்ஜினியர். அடுத்தவன் முருகேசன் சென்னையில் வக்கீல். நான் நோட்டில் எழுதுவதை இந்த இணையப் பக்கத்தில் ஏற்றுபவன் அவன்தான். கடைக்குட்டி பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கே முதல். நடுப்பேத்தி சுபா வங்கித் தேர்வை முதல் தடவையிலேயே பாஸ் செய்தவள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. இவர்களைப் பற்றி எழுத அது போதும்.

வருசா வருசம் சாரல் சீசனுக்குக் குற்றாலம் ஐந்தருவி போய்க் குடும்பப் படம் எடுப்போம். இந்தப் பக்கத்தின் உச்சியில் இருப்பது அதுதான். இந்த ஆடியில் சுபாவும் நானும் மட்டும் கிளம்பினோம்.

வைகாசியில் அவளுக்கு வலிப்பு வந்தது. மூளையில் நாடாப்புழுக் குஞ்சுகள் கட்டியாக இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. கறியே தொடாத குடும்பம் என்று டாக்டரிடம் சண்டைக்கே போனேன். யாரோ கழுவாத கையிலிருந்தும், சரியாகக் கழுவாத பச்சைக் காயிலிருந்தும் அந்தப் புழுவின் முட்டை வயிற்றுக்குள் போகுமாம். புழுவுக்கு ஒரு மாத்திரை, வலிப்புக்கு ஒன்று, மூளை வீக்கத்துக்கு ஒன்று. இந்தக் கடைசி மாத்திரையில் அவள் முகம் பூசணிக்காயாய் உப்பிவிட்டது. படத்துக்கு நாலு நாள் முன்பே அதை நிறுத்தச் சொன்னது நான்தான்.

காலை 5.30க்குத் திருவேங்கடத்தில் பஸ் ஏறி, சங்கரன்கோவிலில் மாறி, தென்காசியில் இறங்கும்போது மணி 8.15. அங்கிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். பிறகு ஐந்தருவிக்கு ஆட்டோ, 150 ரூபாய்.

பழக்கடை வரிசையில் நடக்கும்போது, "தல வெடிக்கு ஆச்சி" என்றாள். அடுத்த நிமிசம் வலதுகை வெட்டி இழுக்க, தரையில் சாய்ந்தாள். பக்கத்துக் கடைக்காரி சாவிக்கொத்தோடு ஓடிவந்தாள்.

"சாவிய ஒன் கடப் பூட்டுக்கு வச்சுக்கோ, ஏட்டி. புள்ளைய ஒருக்களிச்சுப் படுக்கப் போடு" என்று ரம்புத்தான் விற்ற அம்மா அதட்டி, தன் சாக்கை மடித்து சுபாவின் தலைக்கு வைத்தாள். வலிப்பு நிற்க மூன்று நிமிசம். எனக்கு அது மூன்று வருசம்.

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாத்திரைச் சீட்டைப் பார்த்தார். நான் செய்ததை மறைக்காமல் சொன்னேன்.

"புழு உசுரோட இருக்க வரைக்கும் சத்தமில்லாமத்தான் கெடக்கும் ஆச்சி. அது சாகும்போது நம்ம ஒடம்பே அதோட சண்ட போட்டு வீங்குது. அந்த வீக்கம்தான் மூளையக் காயப்படுத்துது. அத அடக்குத மாத்திரையத்தான் நிறுத்திட்டீங்க."

சுபா என்னைத் திட்டவில்லை. கையை மட்டும் பிடித்துக்கொண்டாள். அதுதான் தாங்க முடியவில்லை.

நாலாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டரம்மா சம்மதத்தோடு அன்றே மறுபடி ஐந்தருவிக்குப் போய், தண்ணீருக்குத் தள்ளி நின்றே படம் எடுத்தோம். ரம்புத்தான் அம்மாதான் எடுத்துத் தந்தாள்.

போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெட்டி வைத்த பழத்தை வாங்காதீர்கள்; முழுப்பழமாக வாங்கிக் கழுவுங்கள். வலிப்பு வருகிறவர்களை அருவிக்கு அடியிலும் வழுக்குப் பாறையிலும் விடாதீர்கள். மருந்துச்சீட்டு பையில் இருக்கட்டும். எந்த மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள், அழகு எவ்வளவு கெட்டாலும் சரி.

முருகேசா, மேலே இருக்கும் பழைய படத்தை எடுத்துவிட்டு இதைப் போடு. போனில் முகத்தைச் சிறிதாக்கும் வேலை எதுவும் செய்யாதே. அந்தக் கன்னம் அப்படியே இருக்கட்டும்.